பின்பக்கம் மொட்டையான ஆடாதோடை

தோட்ட வேலை என்றால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை என்று நினைப்பீர்கள். நான் பார்ப்பது செடியைக் குளிப்பாட்டுகிற வேலை.

வடசென்னையில் எர்ணாவூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் ஒரு கரி யார்டு இருக்கிறது. கப்பலில் வருகிற நிலக்கரியை மலை மலையாகக் குவித்து வைத்து, பெல்ட்டில் ஏற்றி, லாரியில் நிரப்பி அனுப்புகிற இடம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் கேட் பாஸ் போய்விடும். அந்த யார்டின் ஆபீஸ் வாசலில் கம்பெனிக்காரர்கள் ஒரு மூலிகைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொள்கிற கான்ட்ராக்ட் ஆள் நான். பெயர் அம்சா. யார்டில் எல்லோருக்கும் அம்சாக்கா.

நீங்களும் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறவர் என்றால் இதில் பாதி உங்களுக்கும் நடந்திருக்கும். தலையை ஆட்டிக்கொண்டே படியுங்கள். பெர்மனென்ட் ஆட்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முகம் கழுவுதல்

தோட்டம் போட்ட புதிதில் துளசி, தூதுவளை, ஓமவல்லி, நொச்சி என்று வகைவகையாக நட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு போர்டு. கரித்தூள் என்ன செய்யும் என்று அந்தச் செடிகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, நம்பி வேர் விட்டன. துளசி முதலில் போனது. தூதுவளை ஒரு மழை வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டுப் போனது. நொச்சியும் ஓமவல்லியும் எப்போது போயின என்றே தெரியவில்லை, ஒருநாள் பார்த்தேன், இல்லை. மிஞ்சியது ஆடாதோடை ஒன்றுதான். மாவிலை மாதிரி நீள இலை, கடித்தால் நாக்கை விட்டுப் போகாத கசப்பு, ஆள் உயரப் புதர். அது மட்டும் கரியைத் தின்று கரியைக் குடித்து வளர்ந்தது. செத்துப்போன செடிகளின் போர்டுகளையும் யாரும் எடுக்கவில்லை. அவையும் தோட்டத்துக் கணக்கில் சேர்த்தி.

காலையில் வந்ததும் என் முதல் வேலை குழாயைப் பிடித்து ஆடாதோடையைக் கழுவுவது. இலை இலையாகக் கழுவ வேண்டும். தண்ணீர் மை மாதிரி ஓடும். மத்தியானத்துக்குள் மறுபடியும் கறுத்துவிடும், மறுபடியும் கழுவ வேண்டும். ஒருநாள் காற்று யார்டுப் பக்கமிருந்து அடித்து, என் கண், மூக்கு எல்லாம் தூள். குழாயைத் திருப்பி முகத்தைக் கழுவிக்கொள்ளப் போனேன். எங்கிருந்துதான் வந்தாரோ, சூப்பர்வைசர் தணிகாசலம் கத்தினார்: "மொதல்ல இலைய கழுவு. உன் மூஞ்சிய பாக்க யாரும் வர்ல."

கைக்குட்டை

இலையைப் பார்க்க நிஜமாகவே ஆட்கள் வருவார்கள். எங்கள் யார்டுக்கு வருகிற எந்தப் பெரிய மனிதரையும் முதலில் கரி மலைக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். இந்தச் செடி முன்னால்தான் நிறுத்துவார்கள். அங்கே ஒரு போட்டோ எடுத்து, டீ கொடுத்து, பாதிப் பேரை அப்படியே காரில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். செடியின் அழகு அவ்வளவு.

ஒரு தடவை ஒரு அதிகாரியின் மனைவி வந்திருந்தார். நல்ல அம்மா, என்னிடம் பெயரெல்லாம் கேட்டார். ஆடாதோடை போர்டைச் சத்தமாகப் படித்தார்: "சளி, இருமல், இரைப்பு தீரும். ஆடு மாடு தின்னாது." தனக்குக் கொஞ்ச நாளாகத் தொண்டை கரகரப்பு என்று சொல்லி, கை நிறைய இலையைப் பறித்துக்கொண்டார். பறிக்காதீர்கள் என்று பக்கத்திலேயே இன்னொரு போர்டு இருக்கிறது, ஆனால் பெரிய இடத்துக் கை பட்டால் அதற்குப் பறிப்பது என்று பெயரில்லை. அன்றைக்கு நான் இரண்டாம் குளியல் இன்னும் போட்டிருக்கவில்லை. இலையைச் சுற்றிய அவருடைய வெள்ளைக் கைக்குட்டை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "கெமிக்கல் உரம் எதுவும் போடறதில்லையே? ஆர்கானிக் தானே?"

சுவர்ப்பக்கம்

போர்டைப் படிக்கிறவர்கள் ஆபீஸுக்கு வருகிறவர்கள் மட்டும் இல்லை. பெல்ட்டில் வேலை பார்க்கிற பையன்களும் படித்தார்கள். இருமல் தீரும் என்று ஒரு போர்டு, பறிக்காதே என்று ஒரு போர்டு. இருமுகிறவன் எந்தப் போர்டுக்குக் கட்டுப்படுவான்?

முதலில் வந்தவன் தேசிங்கு. காசிமேட்டுக்காரன், எனக்குத் தம்பி வயசு, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. மீன்பிடி போட்டில் போய்க்கொண்டிருந்தவன், முதலாளி போட்டை விற்றதும் கரைக்கு வந்து இங்கே சேர்ந்தான். பெல்ட்டிலிருந்து சிந்துகிற கரியைக் கீழே குனிந்து வாருகிற வேலை. மூக்கில் ஒரு துணி கட்டியிருப்பான், அதுவும் கறுப்பு. அவன் இருமினால் லாரி ஹாரன் காதில் விழாது என்று கூட இருக்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். "முன்னாடி கை வெச்சியானா தணிகாசலம் என்னத் துன்னுடுவாரு. பின்னால செவுத்துப் பக்கம் பறிச்சிக்கோ," என்றேன். ஆபீஸிலிருந்து பார்த்தால் செடியின் முகம்தான் தெரியும். முதுகு காம்பவுண்டு சுவரைப் பார்த்து இருக்கும். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் ஏற்பாடு. முன்பக்கம் கம்பெனிக்கு, பின்பக்கம் இருமலுக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போய் நெஞ்சைக் காட்டு என்று அப்போதே அவனிடம் சொன்னேன். இலையை மடியில் கட்டிக்கொண்டே சிரித்தான். "போட் அடில சுத்துற ஃபேன்ல வல சிக்கிக்கிச்சின்னா தண்ணில முங்கி, மூச்சப் புடிச்சிகினு அறுத்து வுடுறவன்க்கா நானு. இந்தத் தூசி என்ன இன்னா பண்ணிடும்?"

ஒரே கேன்

தேசிங்கு போய் மற்றவர்களிடம் சொல்ல, ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வெல்டிங் ஷெட்டுக்குப் பின்னால் செங்கல் வைத்து, கரிக்கா பஞ்சம், அடுப்பு மூட்டி, ஆடாதோடை இலையும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். பாத்திரம் ஒன்றுதான், வெளிக்கடையிலிருந்து டீ வாங்கி வருகிற கேன். கஷாயத்தை ஆளுக்கொரு மடக்கு குடித்து, முகத்தைச் சுளித்து, கேனை அலசிவிட்டு டீக்கு அனுப்புவார்கள். தேன் கலந்தால் நல்லது என்று ஒருத்தன் சொன்னான். தேன் வேண்டுமாம், ராஜா வீட்டுப் பிள்ளைக்கு.

ஒருநாள் அவசரத்தில் கேனை அலசாமலே டீக்குக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். வந்த டீயில் முதல் டம்ளர் வழக்கம்போலத் தணிகாசலத்துக்கு. அவர் ஒரு வாய் குடித்தார். எல்லோரும் வேறெங்கோ பார்த்தோம். தேசிங்குவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தணிகாசலம் டம்ளரை முழுசாகக் குடித்து முடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: "டீத்தூளு கலீஜா கீது. நாளைலேந்து வேற கடைல வாங்குங்கடா."

ஊதுகிற மெஷின்

கேட் பாஸ் என்பது எங்களுக்குச் சோறு. அதைப் புதுப்பிக்கிற சமயத்தில் கான்ட்ராக்டர் ஒரு டாக்டரைக் கூட்டி வருவார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார், ஒரு மெஷினில் வாய் வைத்து மூச்சை இழுத்து ஊதச் சொல்வார். ஊதும்போது இருமினாலோ, முள் ஏறாவிட்டாலோ பாஸ் கிடையாது. எந்த வியாதியும் வைத்தியத்துக்காகக் கண்டுபிடிக்கப்படுவதில்லை இங்கே, வெளியே அனுப்புவதற்காகத்தான். அதனால் யார்டில் ஒரு பழக்கம் வந்தது. மெடிக்கலுக்கு முந்தின வாரம் முழுக்க ஆடாதோடைக் கஷாயம் குடிப்பார்கள். நெஞ்சைக் கழுவுவது என்று அதற்குப் பெயர். நான் இலையைக் கழுவினேன், அவர்கள் அந்த இலையை வைத்து நெஞ்சைக் கழுவினார்கள். வியாதி போக மருந்து குடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வியாதி தெரியாமல் இருக்க மருந்து குடிக்கிறவர்களை இங்கேதான் பார்த்தேன்.

அந்த வாரத்தில் செடியின் பின்பக்கம் மொட்டையாகிவிட்டது. முன்னால் நின்று பார்த்தால் கல்யாணப் பந்தல், பின்னால் போனால் விறகுக் கட்டு. எல்லோரையும்விடத் தேசிங்குதான் அதிகம் பறித்தான். அவனுக்குத்தான் பயம் அதிகம். பாஸ் போனால் மேகலா மீன் விற்று எத்தனை நாள் வீட்டை ஓட்டுவாள் என்று கேட்பான். மேகலா அவன் மனைவி.

மெடிக்கல் நடந்த அன்று எல்லோரும் பாஸ். பையன்கள் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து செடியின் அடித்தண்டில், பின்பக்கமாக, சாமிக்கு வைக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் தேசிங்கு எனக்கு வவ்வால் மீன் கொண்டுவந்து கொடுத்தான். எனக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மீனைக் கையில் வைத்துவிட்டு அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டாக்டரே சொல்ட்டாருக்கா, ஃபிட்டாம். பேஜாரே இல்ல."

ஆடு மேய்ந்த கதை

நம் நேரம், அடுத்த வாரமே தலைமை ஆபீஸிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மேனேஜர் புதுச்சட்டை. தணிகாசலம் கையில் குடை. செடியின் முன்பக்கம் நான் மூன்றாவது குளியலும் போட்டுத் தயாராக வைத்திருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் செடிக்கு முன்னால் நிற்பார்கள், சிரிப்பார்கள், போவார்கள். இந்தப் பெரியவர் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோயிலில் சுற்றுகிற மாதிரி, செடியைச் சுற்ற ஆரம்பித்தார். மேனேஜர் "சார், இந்தப் பக்கம்" என்று சொல்வதற்குள் அவர் சுவர்ப்பக்கம் போய்விட்டார்.

வெறும் குச்சி. அடியில் மஞ்சள் குங்குமம். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் என் பாஸ் எரிந்துகொண்டிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "ஆடு மேஞ்சிட்ச்சி சார்." சொன்ன பிறகுதான் போர்டு ஞாபகம் வந்தது. பெரியவரும் போர்டைத்தான் படித்துக்கொண்டிருந்தார். கிராமத்துக்காரர் போலிருக்கிறது. கோபப்படவில்லை. தூரத்தில் பெல்ட்டுக்கடியில் யாரோ இருமுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "எங்க ஊர்ல எந்த ஆடும் இதைத் தொடாதும்மா. உங்க ஊர் ஆட்டுக்கு அப்படி என்ன கஷ்டம்?"

கடல் தெரியாத படி

கேட்டுவிட்டு அவர் காரில் ஏறிப் போய்விட்டார். எங்களுக்கு வந்தது கேமரா. சுவர்மேல் ஒரு கம்பம் நட்டு, செடியின் முதுகைப் பார்க்கிற மாதிரி மாட்டினார்கள். யார்டில் கேமரா மாட்ட எத்தனையோ ஆபத்தான இடங்கள் இருந்தன, அங்கெல்லாம் அதுவரைக்கும் மாட்டினதில்லை. இன்னொரு தடவை பின்பக்கம் மொட்டையாக இருந்தால் நானும் கேட்டுக்கு வெளியே என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பையன்கள் நாட்டு மருந்துக் கடையில் பொடி வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். கசப்பு போதவில்லை என்றார்கள். அதில் என்ன கலந்திருந்ததோ.

தேசிங்குவுக்கு மட்டும் நான் ஒரு வழி வைத்திருந்தேன். செடி அடர்ந்தால் கவாத்து பண்ணி, வெட்டின கிளைகளைக் குப்பையில் போடுவது என் வேலை. அந்த இலைகளை உருவி, சாப்பாட்டுப் பையில் அடியில் வைத்து, ஷிப்ட் முடிந்து வெளியே போகும்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் கொடுப்பேன். அதற்குள் அவன் இளைத்துவிட்டான். சட்டை ஆணியில் மாட்டின மாதிரி தொங்கியது. பெல்ட்டுக்கு ஏறுகிற இரும்புப் படியில் பாதியில் நின்றுவிடுவான். யாராவது கேட்டால் கடலைப் பார்க்கிறேன் என்பான். அந்தப் படியிலிருந்து கடல் தெரியாது, கரிதான் தெரியும். நான் தினமும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவனுக்கு ஒரே பதில்: "படம் புடிச்சாங்கோன்னா உள்ள இன்னா கீதுன்னு தெரிஞ்சிடும்க்கா. அப்பால பாஸு பூடும்."

மேகலா

ஒரு சாயங்காலம் கேட்டுக்கு வெளியே ஒரு பெண், இடுப்பில் காலி மீன் கூடையோடு நின்றிருந்தாள். காசிமேட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள், சேலையில் செதில் ஒட்டியிருந்தது. நீங்கதான் அம்சாக்காவா என்று கேட்டாள். மேகலா என்று புரிந்துகொண்டேன். புருஷனுக்கு இலை கொடுத்ததற்கு நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து, அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நம்மைப் பற்றி நமக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம்தான்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். ராத்திரியெல்லாம் அவன் உட்கார்ந்தபடியே தூங்குகிறான் என்றாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். குழந்தை பயந்துகொண்டு பக்கத்து வீட்டில் படுக்கிறதாம். ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் இலையை எடுத்துக் காட்டுகிறானாம், இது இருக்கும்போது எனக்கென்ன என்று. குடித்ததும் கொஞ்ச நேரம் இருமல் அடங்குகிறது, உடனே சரியாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். இதையெல்லாம் அழாமல் சொன்னவள் கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்: "இலை கீற வரைக்கும் அது ஆஸ்பத்திரிக்குப் போவாதுக்கா. உன் கால்ல வேணா வுழறேன், குடுக்காத."

புது மேனேஜர்

நிறுத்தினேன். சொல்வதற்கு ஒரு சொல்தான். மறுநாள் சாயங்காலம் அவன் வழக்கமான இடத்தில் நின்றான். நான் பையைத் திறக்கவில்லை. கவாத்து பண்ணவில்லையா என்றான். பண்ணினேன், இலை கிடையாது, ஆஸ்பத்திரிக்குப் போ, சீட்டைக் கொண்டுவந்து காட்டு, அப்புறம் தருகிறேன் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

இருமிக்கொண்டே என் பின்னால் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கொடுத்துவிடுவேன், பையில் இலை இருந்தது. பழக்கத்தில் வைத்துவிட்டேன். என்னைவிட உயரமான ஆம்பிளை, குழந்தை மாதிரி கேட்டான், அப்புறம் திட்டினான். பஸ் வந்தது. ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன். வெளியே நின்று, மூச்சு வாங்கி வாங்கி, அவன் கேட்டான்: "நீயும் மேனேஜரு ஆய்ட்டியாக்கா?"

படம்

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் பெல்ட்டுக்கடியிலேயே துண்டில் ரத்தமாகத் துப்பினான். கூட இருந்தவர்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டு, மேகலாவுக்குப் போன் பண்ணி, அரசாங்க ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாத்துக்குடி வாங்கிக்கொண்டு நான் போனேன். பேசுவானோ மாட்டானோ என்று வார்டு வாசலிலேயே நின்றேன். அவன்தான் கையைத் தூக்கிக் கூப்பிட்டான். மூக்கில் குழாய். நுரையீரல் முழுக்கத் தூசி படிந்து இறுகிப்போய்விட்டது, காசநோயும் சேர்ந்துகொண்டது, ரொம்ப முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாக மேகலா தனியாக என்னிடம் சொன்னாள். ரொம்ப முன்னாடி என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. எனக்கே கணக்குப் போடத் தெரியும்.

தேசிங்கு எக்ஸ்ரே படத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, வெள்ளையாகத் திட்டுத்திட்டாக இருந்தது. அவன் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அழுதுவிடுவேன் என்று தெரிந்திருக்கும். குழாயைக் கொஞ்சம் தள்ளிவிட்டுக்கொண்டு, யார்டில் கிண்டல் பண்ணுகிற அதே குரலில், ஆனால் காற்று இல்லாமல், சொன்னான்: "நானும் உன் செடி மாரிதான்க்கா. முன்னாடி பாத்தா ஃபுல்லா கீது."

ஃபிட்

மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டான். சாவுக்கு யார்டிலிருந்து பையன்கள் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார்கள். பறை முழங்கியது, சரவெடி வெடித்தது, புகையில் பாதிப் பேர் இருமினார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நானும் மேகலாவும் கான்ட்ராக்டரைப் பார்க்கப் போனோம். கரித்தூளில்தான் இப்படி ஆனது, குடும்பத்துக்கு ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டோம். அவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு அந்த மெடிக்கலைப் பற்றிப் பேச்செடுத்தார். டாக்டர் ஃபிட் என்று எழுதிய தாளைக் காட்டினார். அந்த ஃபிட் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் பின்பக்கம் நின்று இலை பறித்த அத்தனை பேரின் பாஸும் அன்றைக்கே போயிருக்கும், மேகலாவுக்கும் ஒன்றும் வந்திருக்காது. மேகலா குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு எழுந்தாள். கான்ட்ராக்டர் வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்: "எங்ககிட்ட இருந்த வரைக்கும் ஃபிட்டாத்தாம்மா இருந்தாரு. வெளில போயி இன்னா ஆச்சோ, எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

செழிப்பு

இப்போதும் யாரும் செடிப் பக்கம் வருவதில்லை. கேமராவுக்குப் பயந்து இல்லை, அது பழுதாகி ரொம்ப நாளாகிறது. அதைக் குடித்தவன்தானே போனான் என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். கரியைச் சுவாசித்தவனும் அவன்தான் என்று யாரும் சொல்வதில்லை. இலையை வேண்டாம் என்று சொல்லலாம், கரியை எப்படி வேண்டாம் என்பது? இருமல் அப்படியேதான் இருக்கிறது. பெல்ட்டுக்கடியில் இப்போது வேறு ஒருவன் குனிகிறான், அவனும் இரும ஆரம்பித்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவனிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மெடிக்கல் முடியட்டும் என்கிறான்.

செடி முதலில் அடித்தண்டில் துளிர்த்தது, பழைய குங்குமக் கறைக்குப் பக்கத்திலேயே. பிறகு குச்சி குச்சியாக இலை வைத்தது. வெள்ளையாகப் பூக்கூட வந்தது. போன வாரம் மேனேஜர் ஒரு விருந்தாளியோடு வந்தார். இந்தத் தடவை அவரே அழைத்துப்போய்ப் பின்பக்கத்தையும் காட்டினார். முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று எனக்கே தெரியாத அளவுக்குப் பச்சை. நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து முதல் தடவையாக அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்: "இப்பத்தாம்மா செடி ஆரோக்கியமா இருக்கு. என்ன பண்ணினே?"

எங்கள் பக்கத்தில் ஒரு மருந்துச் செடி சுற்றிலும் தளதளவென்று நிற்பதைப் பார்த்தால் தோட்டக்காரியைப் பாராட்டிவிடாதீர்கள், பறிக்க வந்துகொண்டிருந்தவன் எங்கே என்று கேளுங்கள்.